மற்றும் பலர்

ஐயா வணக்கம்,

சேர்வராயன் மலையடிவாரத்துக்காரன். மலையாளி என்ற பழங்குடிச் சமூகம். போன மாதம் ஊரோடு குவாரி லாரிகளை மறித்து உட்கார்ந்தோம். எஃப்.ஐ.ஆரில் 4 பேர் பெயர், அப்புறம் 'மற்றும் பலர்'. இப்போது ஒவ்வொருவரையும் போன் போட்டு ஸ்டேஷனுக்குக் கூப்பிடுகிறார்கள். ஒரு வருடம் அமைதியாக இருப்போம் என்று கோட்டாட்சியரிடம் பத்திரம் எழுதிக்கொடுத்தால் போதுமாம். கொடுக்கலாமா? தம்பி போலீஸ் வேலைக்கு எழுதியிருக்கிறான்.

கு.

அன்புள்ள கு.,

அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். பி.என்.எஸ்.எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 130இன்படி முதலில் எழுத்தில் உத்தரவு வர வேண்டும்: உங்கள்மேல் வந்த தகவல் என்ன, தொகை எவ்வளவு, எத்தனை நாள். அதை வாங்கிப் பதில் கொடுங்கள். 6 மாதத்தில் விசாரணை முடியாவிட்டால் பொதுவாக அது தானே காலாவதி. பத்திரம் கொடுத்துவிட்டு மறுபடி மறியலில் உட்கார்ந்தால், மீறல் என்று சொல்லி உள்ளே வைக்கப் பார்ப்பார்கள்.

போனில் கூப்பிடுவது நோட்டீஸ் ஆகாது. அதே சட்டத்தின் 35(3) நோட்டீஸ் (ஆஜராகச் சொல்லும் எழுத்து அழைப்பு) கையில் வரட்டும், வந்தால் தவறாமல் போங்கள். எஃப்.ஐ.ஆர் நகலை காவல்துறை இணையதளத்தில் எடுத்துப் பிரிவுகளைப் பாருங்கள். பி.என்.எஸ் (புதிய தண்டனைச் சட்டம்) 189(2) (சட்டவிரோதக் கூட்டம்), 126(2) (வழிமறிப்பு), 223 (அரசு உத்தரவை மீறல்) மட்டும் என்றால் எல்லாம் ஜாமீனில் விடக்கூடியவை. 132 (அரசு ஊழியரைத் தாக்கியது) போல ஜாமீனில் விட முடியாத பிரிவு இருந்தால்தான் முன்ஜாமீன் வேண்டும். 'மற்றும் பலர்' என்ற ஓட்டைக்குள் எந்தப் பெயரையும் பின்னால் நுழைக்கலாம். அன்று வேறு ஊரில் இருந்தவர்கள் பஸ் டிக்கெட்டைக்கூடப் பத்திரப்படுத்தட்டும்.

223 போட்டிருந்தால், எந்தத் தடையுத்தரவை மீறினீர்கள் என்று நகல் கேளுங்கள். 223க்கு முன்பிருந்த பழைய தண்டனைச் சட்டப் பிரிவு 188இல் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர் போட முடியாது, சம்பந்தப்பட்ட அதிகாரி நீதிமன்றத்தில் புகார் தர வேண்டும் என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது (ஜீவானந்தம் வழக்கு). பி.என்.எஸ்.எஸ் 528இன்கீழ் உயர் நீதிமன்றத்தில் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்க அது நல்ல பிடி.

தம்பி விஷயத்தில் கவனம். காவலர் தேர்வில் 'சந்தேகத்தின் பலனில்' விடுதலையானவரும் வழக்கில் சிக்கியவர் கணக்குதான். ஆகவே அவன் பெயர் சேர்ந்தால் விசாரணைக்குக் காத்திராமல் ரத்துக்குப் போங்கள். விண்ணப்பத்தில் மறைக்கவே கூடாது.

நம் மலை அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பழங்குடிப் பகுதிகளுக்குள் வராது, அதனால் அங்குள்ள கிராமசபைகளுக்கு அதிகாரம் தரும் பெசா சட்டம் இங்கே செல்லாது. காட்டு நிலம் என்றால் 2006 வன உரிமைச் சட்டக் கிராமசபைத் தீர்மானம் உண்டு. ஒடிசாவின் நியம்கிரியில் 2013இல் 12 கிராமசபைகள் பாக்சைட்டை நிறுத்தியது அப்படித்தான். மறியலுக்கு முன்பே தீர்மானம் போட்டிருந்தால் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வக்கீல் செலவுக்குக் கடன் வாங்காதீர்கள். பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சாதிச் சான்றிதழோடு சேலம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள்.