பார்பெக்யூவும் கிரில்லும் ஒன்றுதானா?

யாரோ உங்களைப் பார்பெக்யூவுக்கு அழைத்திருக்க வேண்டும், அல்லது நீங்கள் யாரையோ அழைக்கப் போகிறீர்கள். இல்லாவிட்டால் இந்த இரண்டு சொற்களும் ஒரே பொருளுடையவையா என்று இவ்வளவு கவலையோடு கேட்டிருக்க மாட்டீர்கள். அழைக்கப் போகிறவர் நீங்கள் என்றால், செய்தியை அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் அனுப்பிய பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள ராலே நகரத்துக்கு வேலைக்கு வந்த முதல் கோடையில், சனிக்கிழமை எங்கள் வீட்டில் பார்பெக்யூ உண்டு, வாருங்கள் என்று அலுவலக நண்பர்களுக்கு ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினேன். தமிழில் நினைத்துப் பழகியவர்களுக்கு ஆங்கிலத்தின் 'எ' (a), 'தி' (the) இரண்டும் எளிதில் பிடிபடுவதில்லை. அந்தச் சொல்லுக்கு முன்னால் வர வேண்டிய 'எ' என்ற ஒற்றை எழுத்தை விட்டுவிட்டேன். வந்தவர்களில் ஒருவர் அந்த மாநிலத்தின் கிழக்குப் பகுதிக்காரர். ஒரு டப்பா முட்டைக்கோஸ் சாலட்டும், அடியில் மிளகாய்ச் செதில்கள் படிந்திருந்த ஒரு பாட்டில் வினிகரும் கொண்டுவந்திருந்தார். கேஸ் கிரில்லில் நான் திருப்பிக்கொண்டிருந்த மசாலா தடவிய கோழிக்கால்களைப் பார்த்தார், வீட்டின் பின்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார், பிறகு மிகவும் பணிவாக, "பார்பெக்யூ எங்கே?" என்று கேட்டார்.

'எ' சேர்த்தால் அது விருந்து. சேர்க்காவிட்டால் அது உணவு. அவர் ஊரில் அந்த உணவு, விறகுத் தணலின் மிதமான சூட்டில் பல மணி நேரம் வெந்த பிறகு கொத்தி, வினிகர் கலந்து பரிமாறப்படும் பன்றி இறைச்சியைத்தான் குறிக்கும். டெக்ஸஸில் கேட்டால் மாட்டின் நெஞ்சுக்கறி என்பார்கள்; சுமார் 110 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் புகையோடு அது வேகப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். நான் செய்தது, நேர் நெருப்பில் சில நிமிடங்களில் முடிந்துவிடும் கிரில்.

உலகமெங்கும் இப்படித்தானா என்று சண்டைக்கு வர வேண்டாம். இல்லை என்று நானே சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் வெளியில் அடுப்பு மூட்டி எதைச் சுட்டாலும் அது பார்பெக்யூதான்; அந்த அடுப்புக்கும் அதுவே பெயர். அதோடு, பிரிட்டனில் கிரில் என்றால் பெரும்பாலும் சமையலறை அடுப்பில் மேலிருந்து சூடு இறங்கும் பகுதியைக் குறிக்கும் என்பதால், உங்கள் கேள்விக்கு லண்டனில் கிடைக்கும் பதிலே வேறு.

இதில் எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தருவது, தாடி முதல் வால் வரை என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரிலிருந்து இச்சொல் பிறந்தது என்று வாட்ஸாப்பில் சுற்றும் கதை. அது வெறும் ஒலி ஒற்றுமை. கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள் குச்சிகளால் கட்டிய பரணுக்கு வைத்திருந்த பெயர், ஸ்பானிய மொழியில் பார்பகோவா ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. 1697இல் வெளியான தம் பயண நூலில் ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர், தரையிலிருந்து மூன்றடி உயரப் பார்பெக்யூவின் மேல் இரவு படுத்திருந்ததாக எழுதுகிறார். அது படுக்கை, இறைச்சியே இல்லை. 1755இல் சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதியில் அது முழுப் பன்றியைக் கரி நெருப்புக்கு இரண்டடி மேலே கிடத்திச் சமைக்கும் வினையாகிவிட்டது. 1769இல் ஜார்ஜ் வாஷிங்டன், வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில் ஒரு பார்பெக்யூவுக்குப் போய் இரவு முழுவதும் தங்கியதாக நாட்குறிப்பில் எழுதும்போது அது விருந்து. அவர் 'எ' போடத் தவறவில்லை.

என் நண்பர் அன்று கோழிக்காலின் மேல் தம் வினிகரை ஊற்றி மூன்று துண்டுகள் சாப்பிட்டார். மறு ஆண்டு அழைப்பில், அந்த ஊரார் இத்தகைய விருந்துக்கு வழங்கும் 'குக்அவுட்' என்ற சொல்லை, முன்னால் 'எ' இருக்கிறதா என்று இருமுறை சரிபார்த்து எழுதினேன். அவர் பாட்டில் இல்லாமல் வந்தார்.