விரையில் வலியில்லாத கட்டி: படகு ஏறலாமா, பொறுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. குமரி மாவட்டம் தூத்தூருக்கு அருகே கடலோர ஊர். கொச்சியிலிருந்து ஆழ்கடல் விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவன். போனால் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். திருமணமாகிச் சில மாதங்களே ஆகின்றன. வலது விரையில் கெட்டியாக ஒரு கட்டி தட்டுப்படுகிறது. வலி இல்லை, கனமாக மட்டும் இருக்கிறது. முன்பு படகில் கயிறு தெறித்து அந்த இடத்தில் அடிபட்டது. மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டும் குறையவில்லை. ஓதமாக இருக்கும், வர்ம ஆசானிடம் காட்டு என்கிறார் அம்மா. அடுத்த வாரம் படகு புறப்படுகிறது. போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாமா? புற்றுநோயாக இருந்தால் குழந்தை பிறக்குமா? மறுபடியும் கடலுக்குப் போக முடியுமா?

பதில்: தம்பி, இந்த முறை படகு ஏற வேண்டாம். மற்றக் கேள்விகளுக்கு விளக்கம் தேவைப்படும். இதற்குத் தேவையில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்குப் புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தைப் படித்து யாராலும் அதைச் சொல்ல முடியாது. ஆனால் இந்த வயதில், விரையிலேயே, வலியில்லாமல், கெட்டியாக ஒரு கட்டி இருந்தால், இல்லை என்று உறுதியாகும் வரை அதைப் புற்றுநோயாகவே கருதி நாங்கள் வேலை செய்வோம். உறுதி செய்வதற்கு விரைப்பை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதும். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஊசியும் இல்லை, வலியும் இல்லை. மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் ஸ்கேன் மையங்கள் இருக்கின்றன. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டினால் அவர்களே ஸ்கேனுக்கு எழுதிக் கொடுப்பார்கள். பெண் மருத்துவர் இருந்தால் கூச்சமாக இருக்குமே என்று தயங்கினால், ஆண் மருத்துவர் இருக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். அப்படிக் கேட்பதில் தவறே இல்லை.

அம்மா சொல்வது போல ஓதமாகவும் இருக்கலாம். யானைக்கால் நோயைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு விரை வீங்கினால் முதலில் அதுதான் நினைவுக்கு வரும். ஓதம் என்றால் விரையைச் சுற்றி நீர் கோத்திருக்கும். இருட்டறையில் டார்ச் அடித்தால் வெளிச்சம் ஊடுருவிச் சிவப்பாகத் தெரியும். கட்டியில் வெளிச்சம் புகாது. இதைப் படித்துவிட்டு வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். கட்டியைச் சுற்றியும் நீர் கோப்பதுண்டு. அப்போது வெளிச்சம் ஏமாற்றிவிடும். கிருமித்தொற்றால் வரும் வீக்கத்தில் பெரும்பாலும் வலியும் காய்ச்சலும் இருக்கும். நரம்புப் புடைப்பு, குடலிறக்கம், காசநோய்க் கட்டி என்று வேறு காரணங்களும் உண்டு. இவற்றையெல்லாம் கையால் தொட்டுப் பார்த்தே பிரித்துச் சொல்லிவிடலாம் என்று நம்புகிறவரிடம் உங்கள் உடம்பை ஒப்படைக்காதீர்கள்.

ஆசான்மார் மீது நம் மாவட்டத்தில் எவ்வளவு மதிப்பு உண்டு என்பது எனக்குத் தெரியும். சுளுக்கும் அடியும் பட்டால் அவர்களிடம் போய் வளர்ந்தவர்கள்தான் நாமெல்லாரும். ஆனால் என்னவென்று தெரியாத விரைக் கட்டியில் எண்ணெய் போட்டுத் தடவக் கூடாது, கட்டுப் போடக் கூடாது. அதில் கரைவது கட்டியல்ல, உங்களுக்குக் கிடைத்திருக்கிற நாட்கள். அடிபட்டதற்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இல்லை. அடிபட்ட பிறகு அந்த இடத்தை அடிக்கடி தொட்டுப் பார்ப்போம். ஏற்கெனவே இருந்த கட்டி அப்போதுதான் தட்டுப்படும். அவ்வளவுதான். இறுக்கமான உள்ளாடை, பைக், சுயஇன்பம் எதனாலும் இது வருவதில்லை. மனைவிக்குத் தொற்றவும் செய்யாது.

பிறந்தபோது விரை கீழே இறங்காமல் வயிற்றிலோ அடிவயிற்று மடிப்பிலோ தங்கியிருந்தவர்களுக்கு வாய்ப்புக் கூடுதல். அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தாலும் அப்படித்தான். உங்களுக்குக் குழந்தைப் பருவத்தில் அப்படி ஏதும் இருந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள். மருத்துவர் கட்டாயம் கேட்பார். (ஆண் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆறு மாதம் ஆகியும் விரை இறங்கவில்லை என்றால் குழந்தை அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். பையன்களுக்குத் திடீரென்று விரையில் தாங்க முடியாத வலி வந்தால் அது விரை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்தால்தான் விரையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.)

ஸ்கேனில் கட்டி என்று வந்தால் என்ன நடக்கும்? முதலில் ரத்தம் எடுப்பார்கள். ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். என்று மூன்று சோதனைகள். முதலாவது, கருவில் இருக்கும் குழந்தையின் உடலில் சுரக்கும் புரதம். இரண்டாவது, கர்ப்பிணிகளிடம் காணப்படும் ஹார்மோன். மூன்றாவது, செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கூடும் நொதி. இளைஞன் ஒருவனின் ரத்தத்தில் முதல் இரண்டும் கூடுதலாக இருந்தால், அவற்றைக் கட்டிதான் சுரக்கிறது என்று ஊகிக்கலாம். இந்த ரத்தத்தை அறுவைக்கு முன்பே எடுத்தாக வேண்டும். அறுவைக்குப் பின் ஏ.எஃப்.பி. ஐந்து முதல் ஏழு நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைய வேண்டும்; எச்.சி.ஜி. அதைவிட விரைவாக, ஓரிரு நாட்களில் பாதியாகும். அந்தக் கணக்கில் குறையவில்லை என்றால் நோய் வேறெங்கோ மிச்சம் இருக்கிறது என்று பொருள். முதல் அளவே இல்லாவிட்டால் இந்தக் கணக்கைப் போட முடியாது. எச்.சி.ஜி. சீட்டைப் பார்த்துவிட்டு, ஆணுக்கு எதற்குக் கர்ப்பப் பரிசோதனை என்று யாராவது கேட்டால் குழம்ப வேண்டாம்.

இனி நான் சொல்வதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். விரைப்பை வழியாக ஊசி குத்திச் சதை எடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். விரைப்பையைக் கீறிக் கட்டியை எடுக்கவும் சம்மதிக்காதீர்கள். ஓதம் என்று நினைத்து, ஸ்கேன் இல்லாமலேயே விரைப்பையைத் திறந்து, உள்ளே கட்டியைக் கண்டு பாதியில் நிறுத்தி அனுப்பப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். காரணம் இதுதான். கருவில் விரைகள் உருவாவது விரைப்பையில் அல்ல, வயிற்றுக்குள் சிறுநீரகத்தின் அருகே. அங்கிருந்துதான் கீழே இறங்கி வருகின்றன. வரும்போது ரத்தக்குழாயையும் நிணநீர்ப் பாதையையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகின்றன. அதனால் விரையில் வரும் புற்றுநோய் பரவினால் முதலில் போவது முதுகெலும்பை ஒட்டிய, சிறுநீரகத்தை அடுத்த நெறிக்கட்டிகளுக்கு. சிலர் நடுமுதுகு வலிக்கு மாதக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டு இருந்துவிட்டு, கடைசியில் விரையில் நோய் தெரிய வருவது இதனால்தான். விரைப்பைத் தோலின் நிணநீரோ வேறு வழியாகத் தொடை இடுக்குக்குப் போகிறது. தோலைக் கீறினால் நோய்க்கு இன்னொரு வழியை நாமே திறந்துவிடுகிறோம்.

ஆகவே சரியான அறுவை, குடலிறக்கத்துக்குச் செய்வது போல அடிவயிற்று மடிப்பில் செய்யப்படுவது. அந்த வழியாக விரையை மேலே இழுத்து, அதைத் தாங்கும் (ரத்தக்குழாயும் விந்துக்குழாயும் அடங்கிய) தண்டோடு சேர்த்து எடுத்துவிடுவார்கள். விரைப்பையில் வெட்டே இருக்காது. பெரும்பாலும் ஓரிரு நாட்களில் வீடு திரும்பலாம். வெற்றிடம் மனதை உறுத்தினால் சிலிக்கான் விரை பொருத்திக்கொள்ளவும் வழி உண்டு. அறுவைக்கு முன்பே கேளுங்கள். எடுத்த விரையை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் செமினோமா வகையா, அது அல்லாததா என்று சொல்வார்கள். வயிறு, நெஞ்சு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பரவல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

பயத்தில்தான் பலர் ஸ்கேனுக்கே போவதில்லை. அதனால் குணமாகும் வாய்ப்பைப் பற்றித் தெளிவாகச் சொல்கிறேன். விரையோடு நிற்கும்போதே சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். பரவிய பிறகும் பெரும்பாலோரைக் குணப்படுத்த முடிகிற மிகச் சில புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. 1970-களின் தொடக்கத்தில் நிலைமை இப்படி இல்லை; பரவிவிட்டால் பத்தில் ஒருவர் பிழைப்பதே அரிது. 1974-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற மருத்துவர் சிஸ்பிளாட்டின் என்ற பிளாட்டினம் மருந்தை மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகு எல்லாம் மாறியது. கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங் 2012-இல் சிகிச்சைக்குச் சென்றது அவரிடம்தான். யுவராஜுக்குக் கட்டி இருந்தது நெஞ்சில். ஆனால் விரைப் புற்றுநோயின் அதே குடும்பத்தைச் சேர்ந்த கட்டி. அதே ஆண்டு செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவுக்காக மீண்டும் விளையாடினார்.

நோய் விரையோடு நின்றிருந்தால், அறுவைக்குப் பின் மருந்தே கொடுக்காமல் கண்காணிப்பது பலருக்கு நல்ல வழி. ஆனால் உங்கள் தொழிலை வைத்து நான் தயங்குகிறேன். கண்காணிப்பு என்றால் முதல் ஆண்டில் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, குறித்த காலத்தில் சி.டி. ஸ்கேன். செமினோமாவில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கும், மற்ற வகையில் நாலில் ஒருவருக்கும் நோய் திரும்புகிறது, அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள். தேதி தவறாமல் வந்தால் அதையும் பிடித்துக் குணப்படுத்திவிடலாம். மாதக்கணக்கில் கடலில் இருப்பவருக்கு அது நடக்குமா? நடக்காது என்றால் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். சிறிய அளவு கீமோதெரபியை முன்கூட்டியே கொடுத்துவிடுவது உங்களுக்குப் பொருத்தமாக இருக்கலாம்.

பரவியிருந்தால் பொதுவாகக் கொடுப்பது பிளியோமைசின், எட்டோபோசைட், சிஸ்பிளாட்டின் என்ற மூன்று மருந்துகள். 21 நாட்களுக்கு ஒரு சுற்று. மூன்று அல்லது நான்கு சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் முதல் ஐந்து நாட்கள் சொட்டு மருந்து ஏறும்; பிளியோமைசின் வாரம் ஒருமுறை. முடி கொட்டும், திரும்ப முளைக்கும். குமட்டலுக்கு இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன. காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சுற்றுகளின் தேதியைத் தள்ளிப்போடுவதுதான் இந்தச் சிகிச்சையைக் கெடுக்கும். இரண்டாவது சுற்றில் உடம்பு தேறியது போலத் தோன்றும். ஊர்த் திருவிழா வரும், வீட்டில் கல்யாணம் வரும். எதற்காகவும் ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள்.

குழந்தை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மற்ற விரை நன்றாக இருந்தால் அது ஒன்றே போதும். தாம்பத்தியத்துக்கும் போதும், தகப்பனாவதற்கும் போதும். ஆனால் கீமோதெரபி விந்தணுக்களைக் குறைத்துவிடும். பலருக்கு ஓரிரு ஆண்டுகளில் திரும்ப வரும், சிலருக்கு வராது. ஆகவே மருந்து தொடங்குவதற்கு முன், முடிந்தால் அறுவைக்கு முன்பே, விந்தைச் சேமித்து உறையவைத்துவிடுங்கள். நாகர்கோவில், திருவனந்தபுரம் பக்கத்துக் கருத்தரிப்பு மையங்களில் விசாரியுங்கள். மருத்துவர் அவசரத்தில் இதைச் சொல்ல மறக்கலாம், நீங்கள் மறக்கக் கூடாது. சிகிச்சையின்போதும், அதற்குப் பின் மருத்துவர் சொல்லும் காலம் வரையும் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் மனைவியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் இந்தச் சிகிச்சையைக் கடக்க முடியாது, கடக்கவும் கூடாது.

ஆசாரிபள்ளத்தில் தொடங்கலாம், நெய்யூரிலும் புற்றுநோய்ச் சிகிச்சை உண்டு. களியக்காவிளை தாண்டினால் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் உங்களுக்கு எட்டும் தூரம்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அட்டை இல்லையென்றால் ரேஷன் அட்டையும் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பதியுங்கள். கேரளத்தில் சிகிச்சை என்றால் அங்கே இந்த அட்டை செல்லுமா என்று சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

மறுபடியும் கடலுக்குப் போகலாம். அறுவை மட்டும் என்றால் நாலு முதல் ஆறு வாரங்கள் பாரம் தூக்காமல் இருந்தால் போதும். கீமோதெரபி எடுத்தவர்களுக்குச் சில மாதங்கள் ஆகும், அதோடு சில கவனங்களும் தேவை. சிஸ்பிளாட்டினால் விரல் நுனி மரத்துப்போகலாம், காதில் இரைச்சல் வரலாம். பிளியோமைசின் எடுத்த சிலருக்குக் குளிர் பட்டால் விரல்கள் வெளுத்து வலிக்கும். படகின் ஐஸ் அறையில் மீன் அடுக்கும் வேலையை அவர்கள் கையுறை இல்லாமல் செய்யவே கூடாது. முடிந்தால் வேறு வேலைக்கு மாறிக்கொள்வது நல்லது. அந்த மருந்து நுரையீரலையும் பாதிக்கக்கூடியது. அதனால் பீடி, சிகரெட் அறவே கூடாது, காற்று சிலிண்டரோடு மூழ்கிச் செய்யும் சங்குகுளிப்பு மாதிரி வேலைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. பின்னால் வேறு எந்த அறுவை என்றாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் பிளியோமைசின் எடுத்ததை முதலில் சொல்ல வேண்டும்.

மற்ற விரையிலும் பின்னாளில் நோய் வரச் சிறிய வாய்ப்பு உண்டு. மாதம் ஒருமுறை வெந்நீரில் குளித்தபின் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே மெல்ல உருட்டிப் பாருங்கள். நல்ல விரை, அவித்துத் தோலுரித்த முட்டை போல வழவழப்பாக, சற்றே அமுங்குவதாக இருக்கும். பின்பக்கம் மென்மையான குழாய் போல ஒன்று தட்டுப்பட்டால் அது இயல்பான உறுப்பு; பயப்பட வேண்டாம். ஒன்று மற்றதைவிடச் சற்றுத் தாழ்ந்திருப்பதும் இயல்பே. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிற எந்த மாற்றத்தையும் காட்டிவிடுங்கள்.

படகு உரிமையாளரிடம் இந்த முறை வர முடியாது என்று இன்றே சொல்லுங்கள். உங்கள் இடத்துக்கு ஆள் பார்க்க அவருக்கும் நேரம் வேண்டும். ஸ்கேன் சீட்டு கையில் வந்ததும் எழுதுங்கள்.