அலுமினியப் பிக்கப்புக்குக் கறள் பிடிக்காதா?

கேள்வி: ஸ்காபரோவில் குழாய் வேலை செய்கிறேன். பழைய ஃபோர்ட் எஃப்-150 பிக்கப் ஒன்று, 2017 மாடல், பார்த்து வைத்திருக்கிறேன். "முழுக்க அலுமினியம், பனிக்கு ரோட்டில் கொட்டும் உப்பு ஒன்றும் செய்யாது" என்கிறார் விற்பவர். கறளைத் தடுக்கும் மின்கருவி ஒன்று பூட்டித் தர 1,300 டொலரும் கேட்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: தம்பி, கறளே பிடிக்காத வண்டிக்குக் கறளைத் தடுக்க எதற்கு 1,300 டொலர் என்று அவரிடமே கேட்டிருக்கலாமே!

அவர் சொன்னதில் பாதி சரி. 2015 மாடலில் இருந்து எஃப்-150இன் கேபினும் பின்பெட்டியும் அலுமினியம். காற்றுப் பட்டதும் அதன் மேல் மெல்லிய படலம் ஒன்று தானாகவே மூடிக்கொள்ளும். அதனால் இரும்பைப் போல உதிர்ந்துகொண்டே போகாது. பழைய இரும்புப் பிக்கப்புகளில் பின் சில்லுக்கு மேலே ஓட்டை விழுமே, அந்தத் தொல்லை இதில் இல்லை. பெயின்ற் உரிந்த இடத்தில் உப்புப் பட்டால் வெள்ளைத் தூளாகப் பூக்கும், ஓரங்களில் பெயின்ற் கொப்பளிக்கும். பொனற்றின் முன் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். மேலே பார்க்க வேண்டியது அவ்வளவுதான்.

கீழே கதை வேறு. சேசி, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், உருக்கு. பின் ஸ்பிரிங், அதைப் பிடிக்கும் கொளுவி, அச்சு எல்லாம் இரும்பு. சேசி நாலு பக்கமும் மூடிய பெட்டிக் குழாய் என்பதால் உள்ளே போன உப்புச் சேறு சுலபமாக வெளியே வராது. மேல் பகுதி வருடக்கணக்காகப் புதிதுபோல நிற்கிறது. அதனால் குனிந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை. தரகர்களுக்கு அதுதான் வசதி.

போன வசந்தத்தில் ஒருவர் இதே மாதிரி வண்டியைக் கொண்டுவந்தார். சேசி கன்னங்கரேல் என்று மினுங்கியது. உபரிச் சில்லுக்கு மேலே ஸ்க்ரூடிரைவரால் தட்டினேன். பப்படம் நொறுங்குவதுபோல அடுக்கடுக்காக விழுந்தது. கறளின் மேலேயே கறுப்பு பெயின்ற் அடித்திருந்தார்கள். பழைய வண்டியின் அடிப்பாகம் புதிதாகக் கறுத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

அவரிடம் சேஃப்டி சான்றிதழும் இருந்தது! ஒன்ராறியோவில் அந்தத் தாள் 36 நாளைக்குத்தான் செல்லும். சோதித்த அன்று வண்டி ஓடும் தகுதியில் இருந்தது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. இன்னும் இரண்டு விண்டர் தாங்குமா என்று எந்தச் சட்டமும் கேட்பதில்லை. ரோட்டில் உப்பைக் கொட்டுவதும் அரசு, இந்தத் தாளைப் போதும் என்பதும் அரசு. எத்தனை வருடமாகச் சொல்லி என்ன பயன்.

வழக்கமாகக் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள், ஒட்டாத இடத்தில் ஓட்டையை மறைக்கப் புட்டி பூசியிருக்கிறது என்று. இந்த வண்டியின் அலுமினிய மேல் பகுதியில் எங்குமே ஒட்டாது, வீண் வேலை.

இனி உங்கள் தொழிலுக்கு வருகிறேன். இதை யாரும் சொல்லமாட்டார்கள். அலுமினியமும் இரும்போ செம்போ உப்புத் தண்ணீரில் நனைந்தபடி தொட்டுக்கொண்டிருந்தால் சின்ன பற்றரி மாதிரி வேலை செய்யும். அதில் கரைவது அலுமினியம்தான். இரும்புக் கருவிப்பெட்டியைப் பின்பெட்டியின் விளிம்பில் நேரே வைத்து வெறும் இரும்பு போல்ற்றால் இறுக்கினால், சில வருடத்தில் போல்ற்றைச் சுற்றி வெள்ளைப் பூப்பு. குழாய் ஏற்றும் ரக்கும் அப்படியே. துளை போடாமல் கவ்விப் பிடிக்கிற வகையை வாங்குங்கள். இடையில் ரப்பர் தகடு கட்டாயம். துளை போட்டே ஆக வேண்டுமென்றால் வெட்டிய விளிம்புக்குப் பெயின்ற் பூசி, பூச்சுப் போட்ட போல்ற்றை நைலோன் வாசருடன் போடுங்கள். செம்பு இரும்பைவிட மோசம். நீங்கள் வெட்டிப் போடும் செப்புக் குழாய்த் துண்டும் சீவலும் பின்பெட்டியில் உப்புச் சேற்றோடு கிடந்தால், பெயின்ற் தேய்ந்த தரையில் குழி குழியாக அரிக்கும். ரப்பர் பாய் விரித்தால் மட்டும் போதாது, அதற்கடியிலும் உப்புத் தங்கும். வாரம் ஒருமுறை பாயைத் தூக்கிக் கூட்டுங்கள். கூட்டிய சீவலையும் வீசாதீர்கள், பழைய செம்புக்கு நல்ல காசு.

அந்த மின்கருவி வேண்டாம். அந்த மாதிரி மின்சார முறை கப்பலுக்கும் நிலத்தடிக் குழாய்க்கும் சரி; அவை தண்ணீரிலோ ஈர மண்ணிலோ மூழ்கிக் கிடக்கின்றன. காற்றில் நிற்கும் ட்ரக்கில் மின்சாரம் சுற்றி வர வழியில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அடியில் எண்ணெய் அடிப்பியுங்கள், சேசிக் குழாயின் உள்ளேயும் சேர்த்து. ஓரிரு நாள் டிரைவ்வேயில் சொட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். தார் போலத் தடிப்பாகப் பூசுவது வேண்டாம். அது வெடித்தால் உப்பு உள்ளே போய்ப் பதுங்கும்.

காசு கொடுக்குமுன் வேறொரு கராஜில் ஹொயிஸ்ற்றில் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். மறுத்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். வாங்கிவிட்டால் அடியைக் கழுவாமல் சூடான கராஜுக்குள் விடாதீர்கள். கடும் குளிரில் உப்பு ஏறக்குறையச் சும்மா கிடக்கும். பனி உருகி ஈரமானதும்தான் வேலையைத் தொடங்கும். ஏப்ரலில் ஒருமுறை அடிப்பாகத்தை நன்றாகக் கழுவுங்கள், பின் சில்லுக்குப் பின்னால் கொஞ்சம் கூடுதலாகவே தண்ணீர் அடியுங்கள்.