பெட்டியில் ரைஸ் குக்கரை வைக்கலாமா? வெளிநாட்டில் படிப்பவர்களின் சமையலறைச் சந்தேகங்கள்

வெளிநாட்டில் படிப்பவர்களும் கிளம்பக் காத்திருப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. "சமைக்கவே தெரியாது" என்பவர்கள் கொஞ்சம் பேர்தான். "வீட்டில் நன்றாக வந்தது, இங்கே எல்லாம் சொதப்புகிறது" என்பவர்கள்தான் அதிகம். கைப்பக்குவம் எங்கேயும் போய்விடவில்லை. மாறியது அடுப்பும் அளவுக் கப்பும் மின்சாரமும்தான். பதில்களும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

கேள்வி: அக்கா, அடுத்த மாதம் கிளம்புகிறேன். வீட்டு ரைஸ் குக்கரும் மிக்ஸியும் கொண்டுபோகலாமா? பிளக் அடாப்டர் வாங்கிவிட்டேன்.

அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது தம்பி. குக்கரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். '220–240 வோல்ட்' என்று மட்டும் இருந்து, போகும் நாட்டில் 110–120 வோல்ட் என்றால் குக்கர் எரிந்துபோகாது, ஆனால் சோறும் வேகாது. வோல்டேஜ் பாதியானால் சூடு கால்பங்காகிவிடும். 700 வாட் குக்கர் 175 வாட்டில் வேலை செய்தால் அரிசி வெந்நீரில் ஊறிக் களியாகும். மிக்ஸி மோட்டார் திணறிச் சூடேறும். இதற்கு நேர்மாறாக, 120 வோல்ட் சாதனத்தை 230 வோல்ட்டில் செருகினால் கிட்டத்தட்ட நாலு மடங்கு சூடு, அதோடு சாதனத்தின் கதை முடிந்தது.

ரைஸ் குக்கருக்கு ஏற்ற டிரான்ஸ்ஃபார்மர் கனமானது, விலையும் அதிகம். போன இடத்திலேயே சின்னக் குக்கராக வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அதற்கு முன் விடுதி விதிகளைப் படியுங்கள். அறைக்குள் சூடேற்றும் சாதனங்களையே தடை செய்த விடுதிகள் நிறைய. பெட்டியில் இடம் இருந்தால் நல்ல கத்தி ஒன்று, ஸ்பூன் அளவுகள் ஒரு செட், சின்ன டிஜிட்டல் தராசு வையுங்கள். கத்தி செக்-இன் பெட்டியில் மட்டும்தான்.

கேள்வி: மின்சாரக் காயில் (சுருள் கம்பி) அடுப்பில் சோறு வைத்தால் பொங்கி வழிகிறது, அடியும் பிடிக்கிறது. கேஸில் இப்படி ஆனதே இல்லை.

கேஸில் திருகைக் குறைத்த நொடியே சூடு குறையும். காயிலோ கண்ணாடி மேடையோ அணைத்த பிறகும் பல நிமிடம் கனன்றுகொண்டிருக்கும். நீங்கள் 'சிம்' என்று நினைக்கும்போது பாத்திரத்துக்கு இன்னும் முழுச் சூடுதான் கிடைக்கிறது.

இரண்டு அடுப்பு வைத்துக்கொள்ளுங்கள். கழுவிய நீள அரிசி ஒரு கப், தண்ணீர் ஒன்றரைக் கப். பெரிய சூட்டில் கொதி வரும்போதே பக்கத்து அடுப்பை மிகக் குறைந்த எண்ணில் போட்டுவிடுங்கள். கொதித்ததும் மூடிப் பாத்திரத்தை அங்கே நகர்த்துங்கள். 12 நிமிடம். பிறகு அடுப்பை அணைத்தால் மட்டும் போதாது, பாத்திரத்தை அதன் மேலிருந்து எடுத்துவிட வேண்டும். மூடியைத் திறக்காமல் 10 நிமிடம் விடுங்கள். அடியில் ஒட்டியிருப்பதும் அந்த ஆவியில் இளகிவிடும்.

இண்டக்ஷன் என்றால் சிக்கல் வேறு. ஃபிரிட்ஜ் காந்தம் பாத்திரத்தின் அடியில் கெட்டியாக ஒட்டாவிட்டால் அந்தப் பாத்திரம் சூடேறாது.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் சோறு வடித்து வாரம் முழுக்க வைத்துக்கொள்கிறேன். சரிதானே?

சரியில்லை. வேகவைத்தாலும் சாகாத பாக்டீரியா வித்துகள் அரிசியில் உண்டு, பேசிலஸ் செரியஸ் என்று பெயர். சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ராத்திரி அடுப்பு மேலேயே விட்ட சோற்றைக் காலையில் மைக்ரோவேவில் ஆவி பறக்கச் சூடாக்கினாலும் அது பாதுகாப்பில்லை.

வெந்ததும் அகலத் தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒரு வேளைக்கு ஒரு பை என்று தட்டையாக ஃப்ரீசரில் போடுங்கள். எடுத்தால் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி, நடுவில் ஒருமுறை கிளறிச் சூடாக்குங்கள். மைக்ரோவேவ் சீராகச் சுடாது, ஓரம் கொதிக்கும்போது நடு சில்லென்றிருக்கும்.

கேள்வி: தாளித்தாலே புகை அலாரம் அலறுகிறது. பிளாஸ்டிக் கவரைக் கட்டி மூடிவிடலாமா?

கூடவே கூடாது. அபராதம் இருக்கட்டும், கூட இருப்பவர்கள் உயிர் இருக்கிறது. எண்ணெய் புகையும் வரை காயவிடுவதுதான் காரணம். நடுத்தரச் சூட்டில் வையுங்கள், ஒரு கடுகைப் போட்டு அது வெடித்தால் போதும். எக்ஸாஸ்ட் ஃபேனை அடுப்பு பற்றவைக்கும் முன்பே போடுங்கள், மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். முடிந்தால் அடுப்பை அணைத்து, மூடியைச் சரித்து மூடி, ஆறும் வரை திறக்காமல் விடுங்கள். மூட முடியாத அளவுக்குத் தீ வளர்ந்துவிட்டால் கதவைச் சாத்திவிட்டு வெளியேறி உதவிக்கு அழையுங்கள்.

கேள்வி: மேடம், ஒரே கேக் குறிப்பு ஒருமுறை நன்றாக வருகிறது, மறுமுறை நடுவில் குழி விழுகிறது. தினமும் மாறுகிற மாதிரி என்னதான் இருக்கிறது?

கப்தான். மாவு டப்பாவுக்குள் கப்பை அமுக்கி அள்ளினால் 150 கிராம் வரை வரும். ஸ்பூனால் அள்ளிப்போட்டு மேலே வழித்துவிட்டால் 120–125 கிராம். ஒரு கப்புக்கே 25 கிராம் வித்தியாசம், இரண்டு கப் குறிப்பில் 50 கிராம். அமெரிக்கக் குறிப்பின் கப் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250 மில்லி. ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன் 20 மில்லி, மற்ற பெரும்பாலான இடங்களில் 15 மில்லி. பேக்கிங் பவுடரில் அந்த 5 மில்லி கேக்கையே கவிழ்க்கும்.

தராசில் நிறுத்தால் இந்தத் தலைவலியே இல்லை. ஒருவருக்கு ஏற்ற சின்ன கேக்: இரண்டு முட்டையை ஓடு இல்லாமல் நிறுங்கள், ஏறக்குறைய 100–110 கிராம் வரும். அதே எடை வெண்ணெய், அதே எடை சர்க்கரை, அதே எடை மைதா. பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. வெண்ணெய் விரல் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், பளபளவென்று உருகியிருக்கக் கூடாது. வெண்ணெயும் சர்க்கரையும் வெளுக்கும் வரை அடிக்கவும், கையால் என்றால் 6–8 நிமிடம் ஆகும். முட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். ஃபிரிட்ஜ் குளிரோடு போட்டால் கலவை திரிந்த பால் மாதிரி ஆகும், ஒரு ஸ்பூன் மாவு சேர்த்தால் கூடிவரும். மாவு போட்ட பிறகு வெள்ளைத் தடம் மறைந்ததுமே நிறுத்துங்கள். அதற்கு மேல் கலக்கினால் உள்ளே புழுத்துளை மாதிரி ஓட்டையும் ரப்பர்த்தன்மையும் வரும். 18 செ.மீ. வட்டத் தட்டில் 180 டிகிரி செல்சியஸில் 25 நிமிடம். ஃபேன் ஓவன் என்றால் 160.

குழி விழ மூன்று காரணம். முதல் 20 நிமிடத்துக்குள் கதவைத் திறந்தது, பேக்கிங் பவுடர் கூடிப்போனது, உள்ளே வேகும் முன் எடுத்தது. மலைபோல் எழும்பி வெடித்தால் ஓவன் சொல்வதைவிடச் சூடு அதிகம். வாடகை வீட்டு ஓவனின் எண்களை நம்பாதீர்கள், உள்ளே தொங்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். இன்னொன்று: கடையில் எடுத்தது 'செல்ஃப் ரைசிங்' மாவா என்று பாருங்கள். அதில் பேக்கிங் பவுடர் ஏற்கெனவே இருக்கிறது, நீங்களும் போட்டால் இரட்டிப்பு.

கேள்வி: பேக்கிங் சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றுதானே?

இல்லை. சோடாவுக்குத் தயிர், எலுமிச்சை போன்ற புளிப்பு வேண்டும், இல்லாவிட்டால் சோப்பு வாடைதான் மிஞ்சும். பவுடரில் புளிப்பும் சேர்ந்தே இருக்கிறது. பழைய பவுடரை வெந்நீரில் போடுங்கள், நுரைக்காவிட்டால் தூக்கிப்போடுங்கள்.

கேள்வி: பனிக்காலத்தில் பிரெட் மாவு உப்பவே மாட்டேன் என்கிறது. ஈஸ்ட் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை, அறைதான் குளிர். குறிப்பில் 'ஒரு மணி நேரம்' என்றிருப்பது வெதுவெதுப்பான அறைக்கு. 18 டிகிரி அறையில் இரண்டு மடங்கு நேரம்கூட ஆகும். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். இரட்டிப்பாகி, விரலால் குத்தினால் பள்ளம் மெதுவாக, பாதி மட்டும் எழும்பினால் பதம்.

500 கிராம் பிரெட் மாவு, 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 10 கிராம் உப்பு, 325 மில்லி தண்ணீர். தண்ணீர் 35–40 டிகிரி இருக்கட்டும், மணிக்கட்டில் விட்டால் இதமாகத் தெரியும் சூடு. அவசரத்தில் கொதிநீர் ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். அணைத்த ஓவனுக்குள் மாவுப் பாத்திரத்தையும் ஒரு மக் கொதிநீரையும் வைத்துக் கதவைச் சாத்துங்கள், அதுவே ஒரு சூட்டறை. ஈஸ்ட் பாக்கெட்டில் 'ஆக்டிவ் டிரை' என்றிருந்தால் முதலில் வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் கரையவிட்டு நுரை வருகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஸ்லோ குக்கரில் ராஜ்மாவைப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போகலாமா அக்கா?

நேரடியாகப் போடாதீர்கள். வேகாத ராஜ்மாவில் லெக்டின் என்ற நஞ்சு இருக்கிறது, நாலைந்து மணிகளே வாந்திக்குப் போதும். ஸ்லோ குக்கரின் குறைந்த சூடு அதை அழிக்காது, சில நேரம் கூட்டவும் செய்யும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். பிறகு ஸ்லோ குக்கர். டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, அப்படியே போடலாம்.

கேள்வி: நான் சைவம். வெளியே சாப்பிடும்போது 'வெஜிடேரியன்' என்று கேட்டால் போதுமா?

போதாது. அந்தச் சொல்லைக் காய்கறி சூப் என்று புரிந்துகொண்டு கோழி எலும்பு வேகவைத்த ஸ்டாக்கில் சூப் தருபவர்கள் உண்டு. பொத்தாம்பொதுவாகக் கேட்காமல் பொருள் பெயரோடு கேளுங்கள்: சூப்பில் எந்த ஸ்டாக்? சாஸில் மீனோ சிப்பியோ இருக்கிறதா? பொரிக்கும் எண்ணெய் கோழிக்கும் அதேதானா? வூஸ்டர் சாஸில் வழக்கமாக நெத்திலி வகை மீன் இருக்கும். அசல் பார்மெசான் சீஸ் கன்றுக்குட்டியின் வயிற்று நொதியால் உறைவது. மூஸ், மார்ஷ்மெல்லோ, சில தயிர் வகைகளில் ஜெலட்டின். முட்டை சாப்பிடாதவர்கள் அதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும்.

கேள்வி: எனக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. பொதுச் சமையலறை, வெளிச்சாப்பாடு இரண்டுமே பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான்மா. உங்களுக்கென்று தனி வாணலி, தனிப் பலகை, தனி ஸ்பாஞ்ச் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் மறப்பது ஸ்பாஞ்சைத்தான். உள்ளூர் மொழியில் ஒவ்வாமையை எழுதிய அட்டையை மேசைக்கு வருபவரிடம் கொடுத்து, சமையல்காரரிடமே காட்டச் சொல்லுங்கள். "கொஞ்சம் ஒத்துக்காது" என்று மென்மையாகச் சொல்லாதீர்கள், "சாப்பிட்டால் ஆஸ்பத்திரி" என்றே எழுதுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்துவிடுங்கள். மருத்துவர் அட்ரினலின் ஊசி கொடுத்திருந்தால் அது பையில் இருக்க வேண்டும், அறையில் அல்ல.

கேள்வி: கோழியை ஃப்ரீசரிலிருந்து எடுத்து மேடையில் வைத்துவிட்டு லைப்ரரி போகிறேன், மாலையில் வந்து சமைக்கிறேன். தப்பா?

தப்பு. உள்ளே கல்லாக இருக்கும்போதே வெளிப்பக்கம் கெட ஆரம்பித்துவிடும். முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், ஒரு கிண்ணத்துக்குள் வையுங்கள். மேல்தட்டில் வைத்தால் சாறு சொட்டி அடுத்தவர் சாலட்டில் விழும், சண்டையும் வரும். மறந்துவிட்டால் கசியாத பையில் கட்டிக் குளிர்ந்த நீரில் முக்கி, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். அரைக் கிலோ ஒரு மணி நேரத்தில் தயார், உடனே சமைத்துவிடுங்கள். தடிமனான இடத்தில் குத்திய தெர்மாமீட்டர் 74 டிகிரி செல்சியஸ் காட்டினால் வெந்துவிட்டது.