மகள் சிஸ்டராகப் போகிறேன் என்கிறாள்

அம்மா, ப்ளஸ் டூ முடித்த மகள் கத்தோலிக்கக் கன்னியர் மடத்தில் சேர்வேன் என்று பிடிவாதமாக இருப்பதாகவும், அன்றிலிருந்து உங்களுக்குத் தூக்கமே இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். முதலில் பயத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இன்று போனால் நாளையே ஆயுளுக்கும் வாக்குக் கொடுத்துவிட முடியாது.

திருச்சபைச் சட்டப்படி, 17 வயது நிரம்பாதவரை நவதுறவில், அதாவது துறவறத்துக்கான தொடக்கப் பயிற்சியில், சேர்க்கக் கூடாது. பெரும்பாலும் அதற்கு முன்பே ஓர் ஆயத்தக் காலம் உண்டு. நவதுறவு குறைந்தது 12 மாதம். அந்தக் காலத்தில் எப்போது வேண்டுமானாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். அவள் சேர்ந்த துறவற சபையும் "இது உனக்குச் சரிப்படாது" என்று அனுப்பிவிடலாம். பிறகு முதல் வார்த்தைப்பாடு, அதாவது கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு: கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல். அதுவும் தற்காலிகம்தான். பொதுவாக 3 முதல் 6 ஆண்டு கழித்துத்தான் ஆயுளுக்குமான நித்திய வார்த்தைப்பாடு.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர் ஆசிரியையாகவோ செவிலியராகவோ வாங்கும் சம்பளம் சபைக்குப் போய்விடும். பத்து வருடம் உழைத்துவிட்டு வெளியே வந்தாலும் அந்தப் பணத்தைக் கேட்க முடியாது. சபை நியாயத்தோடும் அன்போடும் நடந்துகொள்ள வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம், அவ்வளவுதான். அதனால்தான், முடிந்தால் ஒரு டிகிரியை முடித்துவிட்டுப் போகச் சொல்வேன். பி.எஸ்ஸி. நர்சிங் ஆனாலும் சரி, பி.காம். ஆனாலும் சரி. கடவுளிடமிருந்து வந்த உண்மையான அழைத்தல் என்றால் மூன்று நான்கு வருடத்தில் ஓடிப்போய்விடாது.

எந்தச் சபை என்று மகளிடம் கேட்டீர்களா? எல்லாம் ஒன்றல்ல. 1877இல் ஊட்டியில் தொடங்கிய எஃப்.எம்.எம். (ஃபிரான்சிஸ்கன் மிஷனரீஸ் ஆஃப் மேரி) சபையினர் கல்லூரியும் நடத்துகிறார்கள். அன்னை தெரசாவின் சபையில், பரம ஏழைகளுக்கு இலவசமாகப் பணி செய்வேன் என்று நான்காவது வார்த்தைப்பாடே உண்டு. அடைபட்ட கார்மேல் மடத்திலோ, வெளியே வராமல் உள்ளேயே ஜெபித்து வாழும் வாழ்க்கை. பண்டிகைக்கு மகள் வீட்டுக்கு வருவாள் என்று அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

துறவற வாழ்வில் ஆர்வமுள்ளவர்களுக்கு நடத்தும் அடுத்த அழைத்தல் முகாமுக்கு நீங்களும் கூடவே போங்கள். வீட்டு விடுமுறை எத்தனை நாள், மேற்படிப்பை யார் தீர்மானிப்பார்கள், உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வார்கள் என்று பொறுப்பிலிருக்கும் சிஸ்டரிடம் நேராகவே கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், வேறு சபையைப் பார்க்கலாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.