லைபேஸ் நார்மல், வலி மட்டும் ஏன்? கணைய அழற்சி கேள்வி பதில்

குடல்நோய் மருத்துவத்தில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். நாள்பட்ட கணைய அழற்சி உள்ளவர்களுக்குத் திடீரென வலி ஏறுவது பற்றி மட்டும் இன்று பேசலாம். ரிப்போர்ட்டைப் படமெடுத்துப் போட்டு மருந்து எழுதித் தரச் சொல்லாதீர்கள்.

திருநெல்வேலி வாசகி: என் கணவருக்கு 41 வயது, நாலு வருடமாக இந்த நோய். போன வாரம் துடித்துப் போனார். அவசர சிகிச்சைப் பிரிவில் லைபேஸ் நார்மல் என்று வாயு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்போது வீட்டில் எல்லோரும் அவர் நடிக்கிறார் என்கிறார்கள்.

நடிக்கவில்லை அம்மா. கணையத்தின் சுரப்பி செல்கள் காயப்படும்போது அமைலேஸ், லைபேஸ் என்ற செரிமான நொதிகள் ரத்தத்தில் கசிகின்றன. முதல்முறை அழற்சி வருபவருக்கு அந்த எண் எகிறும். வருடக்கணக்கில் நோய் இருப்பவருக்கோ அந்தச் செல்கள் பலவும் செத்து, அந்த இடத்தில் தழும்புத் திசு வந்திருக்கும். எண்ணெய் தீர்ந்த டின்னை ஓட்டை போட்டால் என்ன ஒழுகும்? அதனால் நிஜமான தாக்குதலின்போதும் ரத்தம் சாதுவாக இருக்கலாம்.

திடீர் அழற்சி (அக்யூட்) என்று முடிவு கட்ட மூன்றில் இரண்டு வேண்டும்: அதற்கே உரிய வலி, மேல் எல்லையைப் போல் 3 மடங்கு ஏறிய நொதி, ஸ்கேனில் தெரியும் மாற்றம். நொதி ஏறவில்லை, வலி இருக்கிறது என்றால் ஸ்கேன்தான் தீர்ப்புச் சொல்லும். இன்னொன்று, அமைலேஸ் சில நாளிலேயே இறங்கிவிடும். வலி வந்து நாலு நாள் கழித்துப் போய் அதை மட்டும் பார்த்துப் பயனில்லை.

ஸ்கேனிலும் புது வீக்கம் இல்லாமல் போகலாம். கணையக் குழாயில் கல் அடைத்து அழுத்தம் ஏறினாலும், நரம்புகளே கெட்டுப்போயிருந்தாலும் வலி அப்படியேதான் இருக்கும். அடுத்த முறை டாக்டரிடம் "வயிற்று வலி" என்று மட்டும் சொல்லாதீர்கள். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாய்கிறதா, சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் வருகிறது, மல்லாந்து படுக்க முடியாமல் தலையணையைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்காருகிறாரா, எல்லாம் சொல்லுங்கள். குழாயில் கல், நீர்க்கட்டி, பித்தக்குழாய் நெருக்கம் மூன்றையும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

மதுரை: எனக்கு லைபேஸ் 90. பயப்படலாமா?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

தஞ்சாவூர்: நான் குடித்ததே இல்லை டாக்டர். எனக்கு ஏன் வந்தது?

தென்னிந்தியாவில் இந்த நோய் உள்ளவர்களில் குடியையே அறியாதவர்கள் ஏராளம். இளவயதிலேயே குழாயில் பெரிய கற்கள், பிறகு சர்க்கரை என்று வரும் வகை நம் பக்கத்தில் அதிகம். ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்கள் அவர்களில் பலர். பித்தக்கல், 1,000-ஐத் தாண்டிய ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு, ரத்தத்தில் கூடிய கால்சியம், சில மாத்திரைகள், இவற்றையும் தேட வேண்டும். அப்புறம், பீடி சிகரெட் உண்டா? குடிக்காவிட்டாலும் புகை தனியாகவே கணையத்தைக் கெடுக்கும். பாதிப் பேர் இதை டாக்டரிடம் சொல்வதே இல்லை.

நாகர்கோவில்: மரச்சீனிக் கிழங்கால்தான் வருகிறது என்கிறார்களே?

1960-களில் கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் இப்படிப்பட்ட நோயாளிகளை நிறையப் பார்த்து எழுதினார். ஏழைகள், அவர்கள் தட்டில் மரவள்ளி (உங்கள் ஊரில் மரச்சீனி, சேலத்தில் குச்சிக்கிழங்கு). கிழங்கில் சயனைடு விடும் பொருளும் இருக்கிறது. சந்தேகம் வந்ததில் தப்பில்லை. ஆனால் கிழங்கைத் தொடாத ஊர்களிலும் இதே நோய் உண்டு. எலிகளுக்கு நெடுநாள் மரவள்ளி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2000-இல் வந்தது. கணைய அழற்சியும் வரவில்லை, சர்க்கரையும் வரவில்லை.

சேலம்: எங்கள் பிழைப்பே குச்சிக்கிழங்கு. இப்படி ஒரு கேள்வியைப் போட்டாலே ஜவ்வரிசி விலை இறங்கும்!

கிழங்கை விடுதலை செய்துதானே பதில் எழுதியிருக்கிறேன்?

நாகர்கோவில்: எலியும் மனுஷனும் ஒன்றா சார்? அம்மாவுக்கு டாக்டர் கிழங்கே கூடாது என்றார்.

நியாயமான கேள்வி. எலியை மட்டும் வைத்துச் சொல்லவில்லை, கிழங்கு தின்னாதவர்களுக்கும் வருகிறதே, அதுதான் பெரிய சாட்சி. தோல் சீவி, நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு அம்மா கொஞ்சம் சாப்பிடலாம். சர்க்கரை இருந்தால் அளவைக் கவனியுங்கள். எண்ணெயில் பொரித்த சிப்ஸ் பாக்கெட் வேறு கதை. சேலத்துக்காரரும் நீங்களும் மீதிச் சண்டையைத் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

கோவை: வலி வந்தால் எத்தனை நாள் பட்டினி இருக்க வேண்டும்?

கணையத்துக்கு ஓய்வு என்று நாள்கணக்கில் பட்டினி போட்ட காலம் போய்விட்டது. லேசான தாக்குதலில் வாந்தி நின்று பசி எடுத்தால் ஒரு நாளுக்குள்ளேயே கொழுப்புக் குறைந்த உணவைத் தொடங்குகிறோம். கணைய நொதி குறைந்து டாக்டர் கேப்சூல் கொடுத்திருந்தால் அதை முதல் வாய்ச் சோற்றோடு போடுங்கள், பெரிய சாப்பாடென்றால் பாதியில் இன்னொன்று. முக்கியச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 யூனிட் என்பது வழக்கமான தொடக்கம். சாப்பிட்டு முடித்துக் கைகழுவிவிட்டுப் போட்டால் காசுக்குக் கேடு.

காயல்பட்டினம்: அந்தக் கேப்சூல் பன்றியிலிருந்து எடுப்பதா?

ஆமாம், பன்றிக் கணையம்தான். மாற்று இல்லாத நிலையில் மார்க்க அறிஞர்கள் பலர் அனுமதிக்கிறார்கள். உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.

திருச்சி: லைபேஸ் நார்மல், ஆனால் வலி...

ஐயா, முதல் பதில்.

ஈரோடு: இரவில் வலி வந்தால் தெரிந்த மெடிக்கலில் ஊசி போட்டுக்கொள்கிறேன். சரிதானே?

சரியில்லை. என்ன ஊசி? பென்டசோசின் என்றால் அதற்கு அடிமையாகி, கைநரம்பெல்லாம் கட்டிப்போய் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். டைக்ளோஃபினாக் என்றால், வாந்தியெடுத்து நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகம் போகக்கூடும். பாராசிட்டமாலில் தொடங்கி அடுத்தடுத்து என்ன என்பதை உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், கண் மஞ்சள், நிற்காத வாந்தி, சிறுநீர் குறைவது, கறுப்பு மலம், ரத்த வாந்தி, இவற்றில் ஒன்று இருந்தாலும் மெடிக்கல் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. பீடியையும் விடுங்கள். நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

வேலூர்: கணையக் குழாயில் ஸ்டென்ட் வைக்கலாமா, ஆபரேஷனா?

கல், குழாயின் அகலம், கணையத் தலையின் வீக்கம் பார்த்துத்தான் சொல்ல முடியும். நெதர்லாந்தில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், குழாய் விரிந்து வலியால் வாடியவர்களுக்குச் சீக்கிரமே செய்த அறுவை சிகிச்சை, எண்டோஸ்கோப்பியில் தொடங்கியதைவிட வலியைக் கூடுதலாகக் குறைத்தது. வருடக்கணக்கில் ஸ்டென்ட் மாற்றிக்கொண்டே இருப்பவர் ஒருமுறையாவது இரைப்பை குடல் சர்ஜனைப் பாருங்கள்.

விழுப்புரம்: அப்பாவுக்கு இந்த நோயால் சர்க்கரையும் உண்டு. வலி வந்து சாப்பிடாத நாளில் இன்சுலின் போடலாமா?

பழைய அளவை அப்படியே போடாதீர்கள், முழுக்க நிறுத்தவும் வேண்டாம். இந்த வகையில் சர்க்கரையை ஏற்றிவிடும் குளுக்ககானும் குறைந்துபோயிருக்கும். இறங்கினால் சட்டென்று இறங்கும். வலி நாளில் சில மணிக்கு ஒருமுறை விரலில் குத்திப் பாருங்கள், இரவிலும். அளவை டாக்டரிடம் போனில் கேட்டு மாற்றுங்கள். 70-க்குக் கீழே போனால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். வாந்தியில் அதுவும் தங்கவில்லையென்றால் காத்திருக்காமல் கிளம்புங்கள்.