அறுவடை மிஷின்: 14 லட்சத்துக்கு வாங்கலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எனக்குச் சொந்த நிலம் 9 ஏக்கர், குத்தகை 6 ஏக்கர். குறுவை, சம்பா இரண்டுமே நெல்தான். டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுவடை மிஷினுக்கு மணிக்கு 2,500 ரூபாய் கொடுக்கிறேன். போன தையில் மழையில் சாய்ந்த பயிரை அறுக்க ஏக்கருக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. அந்த மிஷினுக்கும் புரோக்கர் பின்னால் அலைய வேண்டியிருந்தது. இப்போது பழைய பெல்ட் மிஷின் ஒன்று 14 லட்சத்துக்கு வருகிறது. கையில் 4 லட்சம் இருக்கிறது. மீதி 10 லட்சத்தை 12 சதவீத வட்டியில், 4 வருடத் தவணையில் ஃபைனான்ஸில் தருகிறார்கள். வாங்கலாமா ஐயா? மனைவியின் நகையை அடகு வைத்துக் கடனைக் குறைத்துக்கொள்ளலாமா?

பதில்: தையில் வானம் கறுத்து நிற்கும்போது மிஷின் கிடைக்காத ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஆத்திரத்துக்கு நீங்கள் கொடுக்கப்போகும் விலை என்ன என்று முதலில் பார்ப்போம்.

பயிர் நிமிர்ந்து நின்றால் ஏக்கருக்கு ஒன்றேகால் மணி நேரம் என்று வையுங்கள். 15 ஏக்கர், இரண்டு போகம், சுமார் 38 மணி நேரம். வருடத்துக்கு 95,000 ரூபாய் வாடகை. மோசமான வருடத்தில் ஒன்றரை லட்சம். நீங்கள் வாங்க நினைக்கும் கடனுக்கு மாதத் தவணை 26,300 ரூபாய் வரும். வருடத்துக்கு 3 லட்சத்து 16 ஆயிரம். ஆக, சொந்த வயலுக்காக மட்டும் என்றால் பேச்சுக்கே இடமில்லை. ஊருக்கு வாடகைக்கு விட்டே ஆக வேண்டும்.

வாடகையில் கையில் நிற்பது எவ்வளவு? 2,500 ரூபாயில் டீசல் 900, டிரைவர், உதவியாள் இருவருக்கும் 300, புரோக்கர் கமிஷன் 150 போகும். பெல்ட், பிளேடு, பேரிங் தேய்மானத்துக்கு மணிக்கு 350 ரூபாயாவது தனியாக எடுத்து வைக்க வேண்டும். பலர் இந்தக் கடைசிக் கணக்கைப் போடுவதே இல்லை. பெல்ட் அறுகிற அன்று வட்டிக்கு வாங்குவார்கள். மிச்சம் 800. தவணையும் இன்சூரன்ஸும் கட்ட வருடத்துக்கு 430 மணி நேரம் மிஷின் ஓட வேண்டும். காலைப் பனி காய்ந்த பிறகுதான் வயலில் இறங்க முடியும். ஒரு நாளைக்கு 7 மணி நேரக் காசு வந்தாலே நல்ல நாள். அப்படியானால் 61 நாள். உங்கள் சுற்றுவட்டாரத்தில் சம்பாவும் குறுவையும் சேர்ந்து 40, 45 நாள் தாண்டாது.

சேலம், ஆத்தூர் பக்கத்திலிருந்து டெல்டாவுக்கு வருகிற மிஷின்காரர்கள் இதனால்தான் ஒரே ஊரில் நிற்பதில்லை. இங்கே அறுப்பு முடிந்ததும் அடுத்த மாவட்டம், அடுத்த மாநிலம் என்று விளைச்சலைத் தொடர்ந்து போய்க்கொண்டே இருப்பார்கள். நீங்கள் போவீர்களா? போகாவிட்டால் யார் போவார்? முதலாளி கூட இல்லாத மிஷினில் ஓடிய மணிக்கும் செலவான டீசலுக்கும் கணக்கு பொருந்தி வந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

இன்னொன்று. வெளியூர் மிஷினுக்கு வரப்பிலேயே காசு எண்ணிக் கொடுக்கிறோம். உள்ளூர்க்காரர் மிஷின் என்றால், 'கொள்முதல் நிலையத்துப் பணம் அக்கவுண்டில் ஏறட்டும் மாப்ளே, தந்துடறேன்' என்பார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டை அங்கேயே கிடக்கும். 2023 பிப்ரவரி மழைக்குப் பிறகு மத்திய அரசு 20 சதவீதம் வரை தளர்த்தியது. அந்த மாதிரி உத்தரவு வரும் வரை உங்கள் வாடகைக் காசும் அந்த மூட்டையோடுதான் நிற்கும். தவணைத் தேதி நிற்காது. டீசலுக்கும் இந்தக் கடன் பாக்கிக்கும் குறைந்தது ஒன்றரை லட்சம் கையிருப்பு வேண்டும் என்பது என் கணக்கு.

அப்படியானால் உங்கள் 4 லட்சத்தில் மிஷினில் போட 2.5 லட்சம்தான் மிச்சம். உள்ளூரில் கிடைக்கிற 300 மணி நேரத்துக்குத் தாங்கக்கூடிய கடன் 6 லட்சம், தவணை 15,800. ஆக மொத்தம் எட்டரை லட்சம். 14 லட்ச மிஷின் உங்கள் தனி ஒருவர் தோளுக்குப் பெரிது. கூடவே வெளியூர் போகிற பங்காளி கிடைத்தால் மறுபடி பேசலாம். பங்கு எழுத்தில் இருக்கட்டும், மச்சானாகவே இருந்தாலும்.

நகை வேண்டாம். விவசாய நகைக்கடனை ஒரு வருடத்தில் மொத்தமாகத் திருப்ப வேண்டும். மிஷின் போட்ட காசை எடுக்க நாலு வருடம் ஆகும். பழைய மிஷினுக்கு அரசு மானியமும் கிடையாது. மானியத்தில் புதிதாக வாங்க விரும்பினால் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். வாடகை வருமானம் விவசாய வருமானம் ஆகாது, வரிக் கணக்கில் தொழில் வருமானமாகவே காட்ட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு பேரம் பேசுவதாக இருந்தால் ஒரு துருப்பு: 2025 செப்டம்பர் 22 முதல் அறுவடை இயந்திரத்துக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. 26 லட்சம் அடிப்படை விலையுள்ள புது மிஷினில் 1.82 லட்சம் குறையும். விற்பவர் பழைய ரேட்டை வைத்தே விலை சொல்கிறாரா என்று பாருங்கள். ஷெட்டில் ஸ்டார்ட் செய்து காட்டினால் போதாது. ஈர வயலில் ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லி, பின்னால் விழும் வைக்கோலை உதறி நெல் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தில் பழைய ஃபைனான்ஸ் பெயர் நீங்கியிருக்க வேண்டும். விலை படியாவிட்டால் விட்டுவிடுங்கள். சம்பா அறுப்பு முடிந்து மிஷின்கள் ஷெட்டுக்குள் போன பிறகு பேசினால் இன்னும் இறங்கும்.